கரிசலுக்கு வண்டி வாங்கப் போகும் தம்பிகளுக்கு

புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை, பசுவந்தனை பக்கம், நாலு வீலும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வாங்கத் துணிந்துவிட்டு, பெட்ரோலா டீசலா என்ற இடத்தில் தயங்கி நிற்கும் தம்பிகளுக்கு,



உங்களில் பல பேரை எனக்கு நேரில் தெரியும். தீபாவளி சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் ரெடிமேட் தைத்து, கையில் கொஞ்சம் காசு சேர்த்தவர்கள். தாத்தா விட்டுப்போன மானாவாரிப் புஞ்சையையும் தரிசாகப் போட மனசில்லாமல் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பைக் போகாத வண்டிப்பாதையில் காட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். பட்டறைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்று: "அண்ணாச்சி, எது நல்லா மைலேஜ் குடுக்கும்?" ஸ்பேனரும் கையுமாக நின்றுகொண்டு ஒரு வரியில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர் என்றால், எடை குறைந்த பெட்ரோல் வண்டி வாங்குங்கள். நம் மண்ணில் எண்ணெய்ச் செலவைத் தீர்மானிப்பதில் முதல் இடம் வண்டியின் எடைக்கு. அடுத்தது நீங்கள் ஓட்டும் தூரம். பெட்ரோலா டீசலா என்பது அதற்குப் பிறகுதான். நீங்களோ மூன்றாவதை முதலில் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

"ஜீப்புன்னா டீசல்தான்" என்ற எண்ணம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வந்தது. அது அவர்கள் காலத்தில் சரியாகவே இருந்தது. மகிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது அது பெட்ரோல் வண்டி. 2.2 லிட்டர் என்ஜின், மூன்று கியர். பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் நின்ற பழைய ஜீப்புகள் அந்த வகைதான். சர்க்கார் பெட்ரோல் போட்டதால் ஓடின; சம்சாரிக்குக் கட்டுபடியாகவில்லை. 1973-ல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறிய பிறகு ஜீப்புக்கு டீசல் என்ஜின் தேடும் வேலை மும்முரமானது. முதலில் டிராக்டர் என்ஜினையே ஜீப்புக்குள் உட்கார வைத்தார்கள். 1980-களில் பிரெஞ்சுக் கம்பெனியான பூஜோவின் 2112 சி.சி. டீசல் என்ஜின் வந்தது. இன்றைக்கும் நம் பக்கம் விலைக்கு வருகிற பழைய எம்.எம். 540 ஜீப்புகளில் பாதிக்கு அதுதான் உயிர். சத்தம் போடும், புகை கக்கும், ஆனால் லோடு ஏற்றினாலும் அசராது. அந்த என்ஜின் வாங்கிக் கொடுத்த நல்ல பெயரைத்தான் டீசல் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயருக்குப் பின்னால் விலையும் இருந்தது. 2012 ஜூனில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அப்போது எவன் பெட்ரோல் வண்டி வாங்குவான்? பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் எடுத்தார்கள். டீசலுக்கு 2014 அக்டோபரில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்தபோது சென்னை விலை பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. முப்பது ரூபாய் இருந்த இடத்தில் எட்டு ரூபாய். டீசல் வண்டி வாங்கினால் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று அப்பா சொன்ன கணக்கில் பெரிய பங்கு இந்த முப்பது ரூபாய்க்குத்தான். அது போய்விட்டது, கணக்கு மட்டும் வாய்வழியாக ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

டீசலுக்கு இயற்கையாகவே இருக்கிற பலத்தை நான் மறுக்கவில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சக்தி கூடுதல். டீசல் என்ஜின் காற்றைப் பதினாறு மடங்குக்கு மேல் அமுக்குகிறது. பெட்ரோல் என்ஜின் ஒன்பது, பத்து, பதினொன்று என்ற அளவில் நிற்கிறது. அமுக்கம் கூடினால் அதே எண்ணெயில் வேலை கூடும். இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது காற்று வரும் வழியைப் பாதி அடைத்து வைக்கிறோம். அந்த அடைப்புக்கு எதிராகக் காற்றை இழுக்கவே என்ஜின் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கிறது. டீசல் என்ஜினில் காற்றை அடைப்பது கிடையாது, எண்ணெயை மட்டும் கூட்டிக் குறைக்கிறோம். அதனால்தான் மெதுவாக உருளும்போதும், சும்மா நின்று ஓடும்போதும் டீசல் கம்மியாகக் குடிக்கும். ஏ.சி. போட்டு நிற்கிற ஒன்றரை லிட்டர் பெட்ரோல் வண்டி மணிக்கு ஒரு லிட்டர் போலக் குடித்தால், டீசல் வண்டி அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோல் பக்கம் இப்போது ஒரு புதுச் சங்கடமும் சேர்ந்திருக்கிறது. பங்கில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று செய்து, பத்து சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் இருபது சதவீதம் போட்டால் ஆறு ஏழு சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. இருபதுக்கென்றே டியூன் செய்த புது வண்டியில் இழப்பு ஒன்று இரண்டு சதவீதம். பழைய மாருதி ஜிப்ஸி வாங்குகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். கார்புரேட்டர் காலத்து ஜிப்ஸியில் பெட்ரோல் ஓஸும் கேஸ்கெட்டும் எத்தனாலைக் கண்டு செய்தவை இல்லை. வண்டி கைக்கு வந்ததும் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். கசியும் பெட்ரோல் மைலேஜைத் தின்பதோடு நிற்காது, தீயையும் கூப்பிடும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் பெட்ரோல் என்கிறேன்? எடையால்தான்.

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1985 கடைசியில் மாருதி ஜிப்ஸி வந்தபோது அதில் இருந்தது 970 சி.சி. பெட்ரோல் என்ஜின், 45 குதிரைச் சக்தி. பூஜோ ஜீப்போடு ஒப்பிட்டால் என்ஜின் பாதிக்கும் கீழே. ஆனால் வண்டி ஒரு டன்னுக்குள். ராணுவம் அதை ஆயிரக்கணக்கில் வாங்கி மலையிலும் மணலிலும் ஓட்டியது. கடைசி வரைக்கும் கம்பெனி அதில் டீசல் என்ஜின் வைக்கவில்லை. 2023 ஜூனில் வந்த ஜிம்னி அதே வம்சம்: 1462 சி.சி. பெட்ரோல், 1200 கிலோ அளவில் எடை, நாலு வீலுக்கும் லோ கியர். டீசல் இதிலும் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த நாளோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. இந்தப் பக்கம் மகிந்திரா தார், 2020 அக்டோபரில் வந்த புது வண்டி. 2.2 லிட்டர் டீசல், 130 குதிரைச் சக்தி. அல்லது 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைச் சக்தி. எது வாங்கினாலும் வண்டி ஒன்றே முக்கால் டன் அளவில் நிற்கும்.

1200 கிலோ வண்டியை நல்ல ரோட்டில் மெதுவாக உருட்டப் பதினாறு பதினேழு கிலோ இழுவை போதும். 1750 கிலோ வண்டிக்கு இருபத்து நாலு. ரோட்டில் வித்தியாசம் ஏழெட்டுக் கிலோ, யாருக்கும் தெரியாது. உழுத காட்டிலோ இளகின மண்ணிலோ எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவை தேவைப்படும். சின்ன வண்டிக்கு 120 கிலோ, பெரியதற்கு 175 கிலோ. வித்தியாசம் இப்போது 55 கிலோ. சேறு ஆழமானால் இது இரண்டு மடங்காகும். ஒவ்வொரு மீட்டருக்கும் இந்த 55 கிலோவை உங்கள் பர்ஸிலிருந்து இழுக்கிறீர்கள்.

இதையே எண்ணெயாக மாற்றிப் பார்க்கிறேன். பெட்ரோல் என்ஜின் தன்னிடம் வந்த சக்தியில் ஐந்தில் ஒரு பங்கையும், டீசல் என்ஜின் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயும் சக்கரத்துக்குத் தருகின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த இளகின மண்ணில் கனமான டீசல் வண்டிக்கு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் போல வரும். அதே கனமுள்ள பெட்ரோல் வண்டி நாலைத் தொடாது. ஆனால் எடை குறைந்த பெட்ரோல் வண்டிக்கு ஐந்தரை வந்துவிடும். டீசலின் சாமர்த்தியம் முழுவதையும் 550 கிலோ இரும்பு கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. விலையையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மண்ணில் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்குள் டீசலுக்கு லாபம் நிற்கும். மழைக்காலம் முழுக்கக் காட்டுக்குள்ளேயே 300 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஆயிரம் ரூபாய் தேறாது.

இதுவும் வண்டி உருளும் வரைக்கும் உள்ள கணக்கு. நம் கரிசல் வண்டியை உருள விடுமா என்பது வேறு. இந்த மண்ணில் இருக்கிற மாண்ட்மோரில்லோனைட் களிமண் தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நன்றாக நனைந்திருக்கும்போது வழுக்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். மழை விட்டு ஒரு நாள் வெயில் பட்டு, மேலே காய்ந்தது போலத் தெரியும் பாருங்கள், அப்போதுதான் மோசம். பாதி காய்ந்த களி டயரில் அப்ப ஆரம்பிக்கும். முதலில் பட்டன் இடைவெளி நிரம்பும். டயர் வழவழவென்று உருளையாகிவிடும். அதன் மேல் இன்னொரு அடுக்கு ஒட்டும். பழைய மக்காச்சோளத் தட்டையும் பருத்தி மாரும் நாராக உள்ளே போய் அதை இறுக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது, இரண்டு விரலாகி, பிறகு மூடிக்கொள்ளும். என்ஜின் உறுமும், வண்டி அரை அடி நகரும். நீங்கள் இறங்கிப் பண்ணரிவாளால் குத்திக் குத்தி எடுத்தால் ஒரு சக்கரத்திலிருந்து ஒரு கூடை களி விழும். அந்த நேரத்தில் மீட்டரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. கிலோமீட்டரே இல்லை, எண்ணெய் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

டிராக்டர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உழவுக்குப் போகிற யாராவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா? மணிக்கு எத்தனை லிட்டர் என்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையத்திலும் டிராக்டரை அப்படித்தான் அளக்கிறார்கள்: மணிக்கு எவ்வளவு எண்ணெய், அந்த எண்ணெய்க்கு எவ்வளவு சக்தி. காட்டுக்குள் போகும் ஜீப்பையும் நாம் அப்படி அளந்தால் பாதிக் குழப்பம் தீரும். காட்டில் மணிக்கு இத்தனை லிட்டர், ரோட்டில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர். இரண்டையும் கூட்டிக் கலக்கக் கூடாது.

கம்பெனி கொடுக்கிற எண்ணுக்கும் இதுதான் கதை. ஜிம்னிக்குக் கை கியரில் 16.94, ஆட்டோமேட்டிக்கில் 16.39 என்று போட்டிருக்கிறார்கள். பொய் கிடையாது. ஆனால் அது உருளைகளின் மேல் வண்டியை நிற்க வைத்து, ஏ.சி. போடாமல், இருபது நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டம். அதிகபட்ச வேகம் 90. அங்கே களி கிடையாது, பின்னால் உளுந்து மூட்டை கிடையாது, சித்திரை வெயில் கிடையாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் வீட்டுச் செலவை அதில் போட்டுப் பார்க்காதீர்கள்.

இப்போது ரோட்டுக் கணக்கு. ஒரே வண்டி, இரண்டு என்ஜின். பெட்ரோலுக்குப் பத்து, டீசலுக்குப் பதிமூன்று என்று நடைமுறை மைலேஜ் வைப்போம். விலையைப் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைப்போம். கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 10 ரூபாய் 10 காசு, டீசலில் 7 ரூபாய் 15 காசு. மிச்சம் 2 ரூபாய் 95 காசு. வருஷம் 5,000 கிலோமீட்டர் என்றால் 14,750 ரூபாய். டீசல் பில்டர், ஆயில், பராமரிப்பு என்று வருஷம் 5,000 கூடுதலாகப் போகும் என்று கழித்தால் 9,750. டீசல் மாடல் ஒரு லட்சம் கூடுதல் விலை என்றால் அதை எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதே வண்டியை 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வருஷம் 54,000 மிச்சம். இரண்டு வருஷத்துக்குள் போட்ட காசு கைக்கு வந்துவிடும். உங்களுக்கு வந்திருக்கும் கொட்டேஷனில் வித்தியாசம் ஒரு லட்சம் இல்லை, அறுபதாயிரம்தான் என்றால் அதைப் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், வழி மாறாது.

இதே கணக்கில் எடை குறைந்த பெட்ரோல் வண்டியை வையுங்கள். நடைமுறையில் பதிமூன்று வந்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 77 காசு. கனமான டீசல் வண்டியோடு வித்தியாசம் 62 காசு. வருஷம் 20,000 ஓட்டினாலும் 12,400 ரூபாய்தான்.

புதியம்புத்தூரிலிருந்து உங்கள் காடு எத்தனை தூரம்? பெரும்பாலும் பத்துக் கிலோமீட்டருக்குள். வாரத்தில் ஓரிரு முறை தூத்துக்குடி. எப்போதாவது மதுரைக்குச் சரக்கு எடுக்க. அதற்கும் பண்டல் நிறைய இருந்தால் குட்டி யானை லோடு வண்டி பிடித்துவிடுகிறீர்கள். வருஷம் முழுக்கக் கூட்டினால் ஐந்தாயிரம், ஏழாயிரத்துக்கு மேல் வராது. இதற்கு டீசல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பணத்தைவிடப் பெரியது.

பி.எஸ். 6 டீசல் வண்டியில் சைலன்சர் பக்கம் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. டி.பி.எப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். ஹைவேயில் இருபது நிமிடம் ஒரே சீராகப் போனால் அந்தச் சூடு கிடைக்கும். வீட்டுக்கும் காட்டுக்கும் இடையில் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் கிடைக்காது. கரியை எரிக்க என்ஜின் கூடுதலாக டீசல் அடிக்கும். பாதியில் அணைத்துவிட்டால் அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். இப்படி வருகிற வண்டியில் ஆயில் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பார்த்தால் அளவு மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். ஆயில் குறைவதைத்தான் பார்த்திருப்பீர்கள், இது ஏறியிருக்கும். இரண்டு விரலில் தேய்த்தால் வழுவழுப்பு இருக்காது, முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும், டர்போ போகும். வண்டி மேல் குற்றமில்லை, வேலைக்குப் பொருந்தாத வண்டியை வாங்கியதுதான் குற்றம். கரி எரிகிற நேரத்தில் வண்டியைக் காய்ந்த தட்டையின் மேல் நிறுத்துவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். தை மாசி மாதத்துக் காட்டில் அது தீக்குச்சியைப் போடுவதற்குச் சமம்.

பீப்பாயில் டீசல் வாங்கி வைத்து, டிராக்டருக்கும் அதிலிருந்தே ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. பழைய பூஜோ பம்பு அதைச் செரித்துக்கொள்ளும். தண்ணீர் இறங்கினால் பில்டரைக் கழற்றி, கையால் பம்பு அடித்து, ஏர் எடுத்துக் கிளப்பிவிடலாம். இப்போதைய காமன் ரெயில் என்ஜின் 1600 பார் அழுத்தத்துக்கு மேல் எண்ணெயைப் பீய்ச்சுகிறது. நாசில் துளை கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சிட்டிகைத் தூசியும் அதற்கு எமன்.

டீசல் யாருக்கு? கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் காற்றாலை சர்வீஸுக்கு வண்டி விடுகிற தம்பிகளே, உங்களுக்குத்தான். நாளெல்லாம் ஓட்டம். ஐந்து ஆள், கயிறு, டூல் பெட்டி, கேபிள் சுருள் என்று லோடு. டவர் அடியில் ஆள் மேலே ஏறி இறங்கும் வரை மணிக்கணக்கில் காத்திருப்பு. நாலுவழிச் சாலையில் போய்வருவதால் டி.பி.எப். தானாகச் சுத்தமாகும். வருஷம் 25,000 கிலோமீட்டர் தாண்டுகிற உங்களுக்குப் பெட்ரோல் சொல்கிறவன் உங்களுக்கு நல்லது நினைக்கிறவன் இல்லை. டீசலே வாங்குங்கள், பங்கை மாற்றாமல் ஒரே இடத்தில் அடியுங்கள், பில்டரைக் காலத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

ஒரு வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ஒன்றரை லிட்டர் டீசல் என்ஜினோடு ஒரு தார் வந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், 1500 சி.சி.க்குள் டீசல் என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஜிம்னிக்குப் பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.யைத் தாண்டுவதால் 40 சதவீதம். விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் அந்த ஒன்றரை லிட்டர் வண்டிக்குப் பின் வீல் மட்டுமே இழுக்கும். பார்வைக்கு ஜீப், ரோட்டுக்கு நல்ல வண்டி. கார்த்திகையில் காட்டுக்குள் இறக்கினால் நாலு வீல் வண்டியைக் கூப்பிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஊருக்குள் ஓட்ட வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். காட்டுக்கு என்று நினைத்து வாங்காதீர்கள். வரியை என்ஜின் அளவில் வைத்துவிட்டு எடையைப் பார்க்காமல் விட்டது, எண்ணெய் மிச்சமாக வேண்டும் என்று நினைக்கிற நாட்டுக்குப் பொருத்தமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜிப்ஸி வாங்கி அதில் டீசல் என்ஜின் மாற்றிப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஏறாத என்ஜினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை விரிக்கும். அதைவிட, எடை குறைந்த வண்டியின் முன்னால் நூறு கிலோ கூடுதல் இரும்பைத் தொங்கவிட்டால் முன் டயர் களிக்குள் புதையும். எந்த நன்மைக்காக ஜிப்ஸி வாங்கினீர்களோ அது போய்விடும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். மைலேஜ் பிறகு.

வாங்கிய பிறகு எண்ணெயைத் தின்கிற சமாச்சாரங்களும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பெரிய பட்டன் டயர், இரும்பு பம்பர், மேலே கேரியர், அதில் லைட்டு வரிசை என்று நூறு நூற்றைம்பது கிலோ ஏற்றிவிட்டு எடை குறைந்த வண்டி வாங்கிப் பிரயோஜனம் இல்லை. காய்ந்த ரோட்டுக்கு ஏறியதும் நாலு வீலை எடுத்துவிடுங்கள். பழைய ஜீப் என்றால் முன் ஹப் லாக்கையும் திறந்துவிடுங்கள். காட்டுக்குள் டயரில் பத்துப் பவுண்டு காற்றைக் குறைத்தால் டயர் படர்ந்து நிற்கும், புதைவது குறையும். திரும்பி வந்ததும் அடித்துக்கொள்ள ஒரு சின்னக் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும். முதல் கியரில் ரேஸ் பண்ணிக் கிளட்சைக் கருக்குவதைவிட லோ கியர் போட்டு நிதானமாகப் போவது எண்ணெய்க்கும் நல்லது. பாதி காய்ந்த களியில் கட்டாயம் போயே ஆக வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்; இன்னும் ஒரு நாள் வெயில் பட்டால் அதே பாதை பாதி எண்ணெயில் விடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏற்கனவே வண்டி வைத்திருக்கிறவர்கள் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஒரே பங்கில், நாசில் தானாக நிற்கும் வரை அடித்து, அதற்கு மேல் சொட்டு விடாமல், லிட்டரை எழுதுங்கள். ரோட்டுக் கிலோமீட்டர் ஒரு பத்தி, காட்டுக்குள் என்ஜின் ஓடிய மணி ஒரு பத்தி. ஏ.சி. உண்டா, எத்தனை ஆள், என்ன லோடு, மண் காய்ந்ததா நனைந்ததா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. புரட்டாசி விதைப்பிலிருந்து தை அறுவடை வரை எழுதினாலே போதும். ஜிப்ஸி, ஜிம்னி, தார், எம்.எம். 540, பொலிரோ எதுவாக இருந்தாலும் சரி. இந்த மண்ணில் இந்த வண்டி இவ்வளவு குடிக்கிறது என்று சொல்கிற கணக்கு ஒன்று இன்றைக்கு நம் கையில் கிடையாது. உருளை மேல் ஓட்டிய எண்ணைத்தான் வைத்துக்கொண்டு பேசுகிறோம். மாசி மாதம் நோட்டோடு பட்டறைக்கு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் ஏற்றிச் சுவரில் ஒட்டுகிறேன். அடுத்த வருஷம் வண்டி வாங்க வருகிற தம்பி என்னிடம் கேட்காமல் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கோவில்பட்டியிலிருந்து உங்கள் பட்டறை அண்ணாச்சி